எழுந்திருக்கப் போகிறவர்களுக்குப் பெட்டி

சவப்பெட்டிக் கடைக்காரனுக்கும் கல்யாணப் பத்திரிகை வரும். ஆனால் மண்டபத்துக்குப் போனால் முன்வரிசையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். பல் பிடுங்குகிற டாக்டர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், ஜப்தி நோட்டீஸோடு வீடு வீடாகப் போகிற அமீனாக்கள் எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி. தேவைப்படுகிற நாளில் நம்மைத் தேடி ஓடிவருவார்கள். மற்ற நாளில் எதிரே பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் என் கடை. முதலில் நாற்காலி, கட்டில்தான் செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. என் மர நாற்காலிகளில் நானே உட்கார்ந்துகொண்டிருந்தேன். அப்போது எங்கள் சபைக் குருவானவர் சொன்ன யோசனைதான் இந்தத் தொழில். என்னோடு வேலை செய்பவர் ரத்தினம் ஆசாரி. நான் கிறிஸ்தவன், அவர் முருக பக்தர். மூடியில் சிலுவை அடிக்கும்போது மட்டும் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். நான் கழற்ற மாட்டேன்.

துபாய்க்கு ஒரு பெட்டி

கடை தொடங்கிய புதிதில் போர்டில் ‘பெட்டிகள் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். ‘சவம்’ என்று எழுதக் கூச்சமாக இருந்தது. முதல் வாரமே திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். துபாய்க்குப் போகிறாராம். நாலு சட்டை, ஒரு போர்வை, இரண்டு பாட்டில் ஊறுகாய் வைக்கிற மாதிரி உறுதியான பெட்டி வேண்டும் என்றார். ரத்தினம் உள்ளே கையைக் காட்டினார்.

அந்த இளைஞர் வாசலில் நின்று வரிசையாகச் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மரியாதை தெரிந்தவர். ஓடவில்லை. ஒரு பெட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு எங்களுக்கு மனம் நோகாதபடி சொன்னார்: “வேலை நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இவ்வளவு நீளம் எனக்கு வேண்டாம். ரெண்டே வருஷத்துல திரும்பி வந்துடுவேன்.”

நாலு திருகாணி

ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். வயிற்றில் கட்டி. “டாக்டர் ஆறு மாசம்ங்கிறாரு. நான் நிறையப் பேரைப் பாத்திருக்கேன் தம்பி. நாலுதான்” என்றார், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. தன் பெட்டியைத் தானே சொல்லிவைத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். கணவர் இல்லை. இரண்டு மகன்கள். சின்னவர் சிங்கப்பூரில், பெரியவர் கனடாவில், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. உள்ளே வெள்ளைத் துணி போதும், ஜரிகை வேண்டாம் என்றார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். கடைசியாக, “மூடிக்கு ஆணி அடிக்காதீங்க. நாலு திருகாணி போடுங்க, கழற்றுற மாதிரி” என்றார்.

அவர் கணக்குத் தப்பவில்லை. நாலாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது இறந்தார். சின்னவர் உடனே வந்துவிட்டார். பெரியவர் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தபோது பெட்டியைக் கயிற்றில் தூக்கியிருந்தார்கள். ரத்தினம் தரையில் இறக்கச் சொல்லி, நாலு திருகாணியையும் கழற்றி, மூடியைத் திறந்தார். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டிருந்தார். நான் தள்ளி நின்று, அந்த அம்மா கடைக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டேன். திருகாணி எதற்கு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டதாக எண்ணி, பெரிய விசுவாசி மாதிரி, “உயிர்த்தெழும்போது திறக்கச் சுலபமா இருக்கட்டும்னாம்மா?” என்று கேட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். “அன்னிக்கு இயேசுவோட கல்லறை வாசல்ல இருந்த அவ்வளவு பெரிய கல்லையே புரட்டினவருக்கு உங்க ஆணி ஒரு பொருட்டா? எனக்கு அந்தக் கவலையே இல்லை தம்பி. பெரியவனுக்கு லீவு கிடைக்கணுமேங்கிறதுதான் கவலை.”

நாலு விரல்கடை

எனக்கும் கிருபாவுக்கும் ஒரே மகள், பியூலா. ஒன்பது வயது. ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது. மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்த பிறகு மூன்று நாள் இருந்தாள். ஒரு புதன்கிழமை காலை முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு நடக்கிற தூரம்தான். நான் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்து ஒரு பலகையை எடுத்து மேசை மேல் போட்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ரத்தினம் என் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டார். “நீங்க அண்ணிகிட்ட போங்கண்ணே” என்றார். அந்தப் பெட்டியில் நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

குருவானவர் வந்து ஆறுதல் சொன்னார். ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டாள் என்றார். எனக்கும் தேவைப்பட்டாள் என்று நான் சொன்னேன். நல்ல மனுஷர்; என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதோடு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். கிருபா போனாள். என்னை வற்புறுத்தவில்லை. நான் பெட்டி செய்தேன், மூடியில் சிலுவையும் அடித்தேன். அது வேலை.

ஒரு மாதம் கழித்துத்தான் அதை ரத்தினத்திடம் கேட்க முடிந்தது. அடக்கத்தின்போதே கவனித்திருந்தேன், பியூலாவின் பெட்டி நீளமாக இருந்தது. கால்மாட்டில் வெள்ளைத் துணியை மடித்து மடித்து இடத்தை நிரப்பியிருந்தார். ரத்தினம் ஒரு நூல் பிசகாத ஆள். அவர் அளவெடுத்துத் தப்பாக வெட்டி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கை நடுங்கிவிட்டதா என்று கேட்டேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமல், என்னையும் பார்க்காமல் சொன்னார்: “அளவு சரியாத்தாண்ணே எடுத்தேன். எல்லாரும் ஒருநாள் எந்திரிப்பாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க. புள்ள எத்தனை வயசுல எந்திரிக்கும்னு எனக்குத் தெரியலை. அதான் நாலு விரல்கடை கூட விட்டு வெட்டுனேன்.”

முத்துப்பேட்டை பாய்

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், சென்னை விமான நிலையத்திலிருந்து வந்த வேன் ஒன்று கடை முன்னால் நின்றது. இறங்கியவர் முத்துப்பேட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும். வேனுக்குள் இருந்தது அவருடைய சிநேகிதர் அந்தோணி. இருவரும் சவூதியில் ஒரே அறையில் பதினோரு வருஷம் இருந்தவர்களாம். ஒருவர் சோறு வடித்தால் மற்றவர் குழம்பு வைப்பாராம். நெஞ்சுவலி வந்து அந்தோணி இறந்ததும், காகிதங்களுக்காக ஒரு மாதம் அலைந்து, தன் விடுமுறையைப் போட்டு உடலைக் கொண்டுவந்திருக்கிறார். சரக்கு அனுப்புகிற பெட்டி. பக்கவாட்டில் நம்பர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர், சிலுவை வைத்த நல்ல பெட்டி ஒன்று வேண்டும் என்றார்.

எனக்கு அப்போது சிலுவை, உயிர்த்தெழுதல் என்கிற பேச்சிலெல்லாம் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. அந்தோணியின் வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்களே என்றும் தோன்றியது. “எதுக்கு பாய், நேரமாகுது. இதே பெட்டி மேல ஒரு சிலுவை அடிச்சுக் கொடுத்துடறேன். செத்தவருக்கு என்ன தெரியப்போகுது?” என்றேன். ஒரு முஸ்லிம் நின்று கேட்க, கிறிஸ்தவன் நான் இப்படிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ரத்தினம் அதற்குள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாய் நிதானமாகச் சொன்னார்: “எங்களுக்கும் எழுப்புற நாள் உண்டுண்ணே. அன்னிக்கு அவன் எந்திரிச்சு வந்து, ‘ஏன்டா என்னை நம்பர் ஒட்டின பெட்டியில அனுப்பினே’ன்னு என்னைக் கேக்கக் கூடாது.”

மிதந்த பெட்டி

மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். ஐப்பசி மழை. ஞானப்பிரகாசம் என்ற பெரியவரின் அடக்கத்துக்குப் பெட்டி கொண்டுபோயிருந்தோம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்தவர். கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக இளவயதில் அடிபட்டு, ஊரை விட்டு ஓடச் சொல்லியும் ஓடாமல் இருந்து, கடைசிக் காலத்தில் அரைக் காணி நிலம் சொந்தமாக வாங்கியவர். மகள் டீச்சர். ஊரின் மேட்டு நிலத்தில் மற்றவர்களுக்கு இடம் இருந்தது. இவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் வாய்க்கால் கரைக்குக் கீழே, பள்ளத்தில்.

குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இறைத்தார்கள், மறுபடி ஊறியது. வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கினோம். அது மிதந்தது. மூங்கிலால் அழுத்தினால் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கியது. நான்கு பேர் இறங்கி அழுத்திப் பிடித்தார்கள். கையை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. சபை மூப்பர் என்னைப் பார்த்து, “என்னய்யா பெட்டி செஞ்சிருக்கே, படகு மாதிரி?” என்று கத்தினார். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதபடி செய்திருந்தோம். முதல் தடவையாக அது குற்றமாகிவிட்டது. வயலிலிருந்து சேற்றை வாரிச் சாக்கில் கட்டி மேலே வைத்த பிறகுதான் பெட்டி அடங்கியது.

அதற்கு முன்னால், மூன்றாவது முறையாகப் பெட்டி மேலே வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியவரின் மனைவி மரியம்மாள், குழியின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மகள் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். கூட்டம் முழுக்க அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பியூலா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, ரத்தினம் என்னை வேனுக்கு அழைத்துப் போகும்படி ஆகிவிட்டது. மரியம்மாள் சொன்னது இதுதான்: “யாரு அமுக்கினாலும் அடங்காத மனுசன். பாருங்கய்யா, கடைசி நாள் வரைக்கும்கூட பொறுக்க மாட்டேங்குறாரு, இப்பவே எந்திரிக்கிறாரு!”

சுண்ணாம்பு வாளி

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஆட்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் அங்கேதான் ஆராதனை. மூன்று வருஷமாக பியூலாவின் கல்லறைக்குக் கிருபா தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருஷம் நானும் கிளம்பினேன். அவள் பிளாஸ்டிக் வாளியை என் பக்கம் தள்ளினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் புல்லைப் பிடுங்கினாள், நான் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கல்லறைகளில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்தவர்கள், நல்லவேளையாக, பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அவளை ஏமாற்றக் கூடாது என்று தோன்றியது. “கிருபா, நான் வந்ததை வச்சு ஒண்ணும் நினைச்சுக்காதே. பியூலாவைத் திரும்பப் பாப்பேன்னு என்னால இன்னும் நம்ப முடியலை” என்றேன். அவள் புல் பிடுங்குவதை நிறுத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லின் மேல் பேர் எழுதியிருந்த இடத்தில் படிந்த மண்ணை விரலால் வழித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “முடியலைன்னா விடுங்க. நம்புறதை உங்களுக்கும் சேத்து நான் பாத்துக்கிறேன். நீங்க முதல்ல சுண்ணாம்பை அடிங்க, காயணும்.”

மறுநாள் ஆராதனையில் கடைசி வரிசையில் நின்றேன். பாட்டு வாயில் வரவில்லை, ஆனாலும் முடிகிற வரை நின்றேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். சில வாரம் நம்பிக்கை இருக்கிறது, சில வாரம் கிருபா பார்த்துக்கொள்கிறாள்.

இத்தனை வருஷத்தில் என் பெட்டியில் குறை இருக்கிறதென்று அதில் படுத்தவர் ஒருவரும் வந்து சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து வருவார்கள் என்று கிருபா உறுதியாகச் சொல்வதால், பலகையை இரண்டு பக்கமும் நன்றாகவே இழைத்துவிடுகிறேன்.