திரேசா ரீச்சர் பழக்கிய இத்தாலியச் சொற்கள்

திரேசா ரீச்சர் மோசம் போய்விட்டார், பின்னேரம் அடக்கம் என்ற செய்தியை வட்டக்கச்சிக்குக் கருவாடு கொண்டுவரும் சைக்கிள்காரர்தான் சொன்னார். வயலில் நின்ற நான் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

முல்லைத்தீவுக் கரையில் உள்ள உங்களுக்கு அவரைத் தெரியும். கொழும்பில் ஓர் இத்தாலியர் வீட்டில் பத்து வருடம் பிள்ளை பார்த்து, அந்தப் பாஷையோடு ஊர் திரும்பியவர். ஒருநாள் கோட்டுப் போட்ட ஒருவர் காரில் வந்தார். தகப்பனைக் கடலில் இழந்த சின்னப் பிள்ளைகளை இத்தாலிக்கு அனுப்பிப் படிப்பிக்கப் போவதாகவும், ஐந்து வருடத்தில் திரும்பி வருவார்கள் என்றும் சொன்னார். போகுமுன் பிள்ளைகளுக்கு நாலு சொல் பழக்க ரீச்சரை அமர்த்தினார். அப்போது கரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த எனக்குச் சொல்லுக்கொரு சீட்டில் படம் கீறும் வேலை.

கட்டில் என்ற சொல்லுக்கு நான் பாய் கீறிக் கொடுத்தேன். "அங்க ஆர் தம்பி பாயில படுக்கினம்?" என்று ரீச்சர் சிரித்தார். பேக்கரிப் பாண் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் "பானே" என்பார்கள், தண்ணீருக்கு "ஆக்குவா". மீனைக் கண்டதும் "பெஷே" என்று முந்திக் கத்துவது நாலு வயது றோசலின்.

வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்குப் தந்த பட்டியலில் சொல் இல்லையே என்று ரீச்சர் கோட்டுக்காரரைக் கேட்டார். அது தேவைப்படாது என்றார் அவர். வீண் சந்தேகம் என்று ரீச்சரிடம் சொன்னவன் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். றோசலினின் தாய் லூர்தம்மா வாசிக்கத் தெரியாத கடுதாசியில் பெருவிரல் வைத்தார். மூன்று பிள்ளைகள் போனார்கள். இரண்டு வருடமாக ஒரு கடிதம் இல்லை.

பிறகு அதே கார் இன்னொரு பிள்ளைக்காக வந்தது. இம்முறை "மம்மா" என்ற சொல்லுக்கு நான் படம் கீறத் தேவையில்லையாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் போட்டோவைத் தந்தார்கள். ரீச்சர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறா தம்பி. எங்களைக் கொண்டே அவாவை மறக்கப்பண்ணுறாங்கள்."

அன்று பின்னேரமே அந்தத் தாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை போகவில்லை. கார் பிறகு வரவேயில்லை. றோசலினைப் பற்றி விசாரிக்க நமக்கிருந்த ஒரே ஆளும் அதோடு போய்விட்டான்.

லூர்தம்மாவிடமும் ரீச்சர் எதையும் ஒளிக்கவில்லை. லூர்தம்மா திட்டவில்லை. பிள்ளை தமிழை மறந்திருக்கும், வந்தால் கதைக்க அந்தச் சொற்களைத் தனக்குப் பழக்கச் சொல்லிக் கேட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளின் சீட்டுகளோடு இருவரும் உட்காருவார்கள். நடக்கிற காரியமா என்று நான் கேட்டேன்.

"நடக்காதெண்டு நீரே போய் அவாவிட்டைச் சொல்லும்" என்றார் ரீச்சர். நான் போகவில்லை.

அடக்கம் முடிந்து சேமக்காலையால் வரும்போது லூர்தம்மா என்னை மறித்தார்.

"ஐயா, 'நான்தான் உன்ர அம்மா' எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாற ஞாயிறு சொல்லித்தாறன் எண்டவா ரீச்சர்."

எனக்குத் தெரியவில்லை. கீறிய சொற்களைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

ரீச்சரின் சீட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஞாயிறுகளில் பஸ் ஏறிக் கரைக்குப் போகிறேன். பாண், தண்ணீர், கட்டில், மீன் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். லூர்தம்மா பிழையில்லாமல் சொல்கிறார். சொல்லி முடித்துவிட்டு, அந்த வசனத்துக்காக என் முகத்தைப் பார்க்கிறார்.