அலாரம் அடங்கிய அறை

மார்லிஸ் ட்வெய்ட்டுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஃபார்கோ நகரில் இருந்த ஓர் இணைய நிறுவனத்தின் கண்காணிப்பு அறைக்கு அவள்தான் பொறுப்பு. சுவர் முழுக்கத் திரைகள். மாநிலமெங்கும் சிதறிக் கிடந்த டவர்களும் கேபிள்களும் அவற்றில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். எங்காவது பழுது என்றால் புள்ளி சிவக்கும், அலாரம் அடிக்கும். அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் மற்றவர்களின் கோட்டுகள்தான் கிடந்தன.

சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பயிரிடும் குடும்பத்துப் பெண். அந்த நிறுவனம் வெறும் தொலைபேசிக் கம்பெனியாக இருந்த காலத்தில் புகார் எழுதும் வேலைக்கு வந்து, படிப்படியாக மேலே ஏறியவள். புருஷன் ஆரின் பள்ளிப் பேருந்து ஓட்டினான்.

"சர்ச்சுல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எத்தனை தடவ போனைப் பாக்குற? ஆண்டவரே உன்கிட்ட நேரம் கேட்டுத்தான் வரணும் போல" என்பான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்ப்பாள்.

ஓர் இலையுதிர் காலத்துக் காலையில் மேலதிகாரி கிராண்ட் லிண்ட்க்விஸ்ட் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செலவைக் குறைச்சாகணும், மார்லிஸ். இல்லேன்னா அறையை மூடிட்டு, வேலையை வேற மாநிலத்துக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிரலாம்னு மேல பேசிக்கிறாங்க."

"என் ஆளுங்க?"

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். ஏதாவது வழி சொல்லு."

அன்று முழுக்க அவள் திரைகளுக்கு முன்னால் இங்கும் அங்கும் நடந்தாள். பல வருஷமாக அவளோடு வேலை பார்த்த டெல்மர் ஆஷுக்குத் தலை சுற்றியது. "தரை தேஞ்சா அதுவும் செலவுக் கணக்குலதான் வரும், ஞாபகம் வச்சுக்கோ" என்றான்.

"டெல்மர், இன்னிக்கு அடிச்ச அலாரத்துல எத்தனைக்கு நாம உண்மையிலேயே ஏதாவது செஞ்சோம்?"

அவன் யோசித்தான். "விரல் விட்டு எண்ணிரலாம்."

அங்கிருந்துதான் தொடங்கியது. எங்கோ ஒரு விவசாயியின் கலப்பை கேபிளை அறுத்தால், அதற்கு அப்பால் இருக்கிற ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக அலறும். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடுவதிலேயே பாதிப் பொழுது போனது. அதைவிடப் பெரிய செலவு வண்டிகள். டவரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று ஆளை அனுப்புவார்கள். அவர் பனியில் நெடுந்தூரம் ஓட்டிப் போய்ப் பார்த்தால், ஊரில் மின்சாரம் போயிருக்கும், அவ்வளவுதான்.

இருவருமாக உட்கார்ந்து, இல்லை, டெல்மர் உட்கார்ந்து மார்லிஸ் நின்று, புது விதிகள் எழுதினார்கள். ஒரு பழுதுக்கு ஒரே அலாரம். வண்டி கிளம்புமுன் மின் நிறுவனத்தைக் கேட்பது. திணறும் கருவியை இங்கிருந்தே அணைத்து மறுபடி போட ஒரு சுவிட்ச். பராமரிப்பு வேலை நடக்கும் கேபிள் தடத்தில் வேலை முடியும்வரை அலாரங்களை அடக்கி வைப்பது.

குளிர்காலத்துக்குள் அறை அமைதியானது. வண்டிகள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றன. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கிராண்ட் எல்லோருக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்தார். மார்லிஸ் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திரைகளுக்கு முன்னால் நடந்தாள். முன்பு அலாரம் அடித்ததால் நடந்தாள், இப்போது அடிக்காததால் நடந்தாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பிற்பகலில் போன் வந்தது. ஹோல்விக் என்ற சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஆர்டிஸ் ஃபோல்கெஸ்டாட் பேசினாள்.

"காலையிலேருந்து எங்க ஊர்ல போனும் இல்ல, இணையமும் இல்ல. பக்கத்து ஊருக்குக் கார் ஓட்டிட்டு வந்து பேசுறேன். உங்களுக்கு அங்க ஒண்ணுமே தெரியலையா?"

மார்லிஸ் சுவரைப் பார்த்தாள். ஹோல்விக் பச்சையாக இருந்தது.

போன வாரம் அந்தத் தடத்தில் பராமரிப்பு வேலை நடந்திருந்தது. அதற்காக அலாரங்களை அடக்கியிருந்தார்கள். வேலை முடிந்தது, அடக்கியதை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. உருகிய பனிநீர் அந்த ஊர்க் கருவிகள் இருந்த கொட்டகைக்குள் புகுந்து எல்லாம் செத்துப்போயிருந்தது.

அவள் பழுது பார்ப்பவர்களின் வண்டியில் ஏறிக்கொண்டாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் மீதி தெரிந்தது. ஒரு முதியவர் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். அவசர எண்ணுக்குப் பேச முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் அவரை டிரக்கில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தக் குண்டும் குழியுமான சாலையில் அவர் கத்திய கத்தலை ஊரே பேசியது.

"அலாரம் சத்தமே வராம பண்ணிட்டீங்களாமே, உங்க ஆளுங்க சொன்னாங்க. ரொம்ப நல்லாப் பண்ணீங்க" என்றாள் ஆர்டிஸ்.

"தப்பு என்மேலதான். அந்த விதியை எழுதுனது நான்."

ஆர்டிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வந்து காபி குடி."

மறுநாள் கிராண்ட் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அறிக்கையில வெள்ளம்னு எழுதிருவோம். வெள்ளம் வந்தது உண்மைதானே?"

"வெள்ளம் உண்மைதான். நமக்குத் தெரியாமப் போனது வெள்ளத்தால இல்லையே, கிராண்ட்."

"திரும்ப அறையை மூடுற பேச்சு வரும். உன் ஆளுங்களுக்காகத்தான் சொல்றேன்."

அது அவளைக் குத்தியது. ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். "அப்பவும் உள்ளபடியேதான் எழுதணும்" என்றாள். எழுதினாள்.

பிறகு விதிகளையும் திருத்தினாள். அடக்கிய புள்ளி இனிப் பச்சையாக இருக்காது, மஞ்சளாகத் தெரியும். வேலை முடியும் நேரத்தில் அலாரம் தானாகத் திரும்ப உயிர்பெறும். ஒவ்வொரு கொட்டகையின் கருவியையும் தினமும் சிக்னலால் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவு கொஞ்சம் ஏறியது. அறை தப்பியது. ஆனால் மேலிடம் ஒரு நிபந்தனை வைத்தது: இனி அங்கே தனியாக ஒரு மேலாளர் பதவி கிடையாது.

"வேற என்ன வேலை வேணும்னு ஒரு வாரம் யோசிச்சு சொல்லு" என்றார் கிராண்ட்.

"யோசிக்க என்ன இருக்கு? டெல்மர் தன் வேலையோட அறையையும் பாத்துக்கட்டும். எனக்குப் பழுது பாக்குற வண்டி ஒண்ணு குடுங்க."

சம்பளம் குறைந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் ஆரின். "இந்த வயசுல ஏணி ஏறப் போறியா?" என்று கேட்டான். முதல் மாதம் முதுகு விட்டுப்போய், தான் செய்தது சரிதானா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தன்னையே கேட்டுக்கொண்டு ஓட்டினாள்.

ஜூன் மாதத்தில் ஹோல்விக் கொட்டகைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் பொருத்தப் போனாள். கதவைத் திறந்து கருவிப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது. டெல்மர்.

"கொட்டகையைத் திறந்தது யாரு?"

"நான்தான்."

"சொல்லிட்டுத் திறக்கக் கூடாதா? கதவு திறந்ததுக்கு இங்க அலாரம் அலறுது."

"அலறட்டும்" என்று சொல்லிவிட்டு, மார்லிஸ் ஈரத் தரையில் மண்டியிட்டாள்.