லீலாவதி கேட்ட கைநாட்டு

என் மனைவி லீலாவதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலேசியாவில், ஈஜோக் பட்டணத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் அவள் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். இருபது, இருபத்தைந்து குழந்தைகள். தொட்டில் ஆட்டி, கஞ்சி ஊட்டி, மூக்கைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அவள் வாயில் அந்தப் பிள்ளைகள் பேச்சுதான். நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். எங்களோடு என் அப்பா செல்லன் இருந்தார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. தொழிற்சங்கத்தின் மகளிர் கூட்டம் என்று கோலாலம்பூருக்குப் போனவள், ஒரு கட்டுக் காகிதத்தோடு திரும்பினாள். உலகத்தில் எந்த நாட்டிடமும் அணுகுண்டு இருக்கக் கூடாது என்று கேட்கும் மனு. ஜப்பானில் குண்டு விழுந்து நாற்பது வருடம் ஆகிறதாம். கூட்டத்தில் அங்கே செத்த பிள்ளைகளின் படம் காட்டியிருக்கிறார்கள்.

“எல்லாம் நம்ம கொட்டாய்ப் புள்ளைங்க சைஸ்தாங்க,” என்றாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“நீ வாங்குற கையெழுத்தப் பாத்துட்டு அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் குண்டக் கடல்ல கொட்டிருவானுங்களா?” என்று கேலி செய்தேன். முறைத்தாள். மறுநாளே மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகக் கிளம்பிவிட்டாள்.

இரண்டே நாளில் நாற்பத்து மூன்று பேர். பாதி கையெழுத்து, பாதி கைநாட்டு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா வந்து, “லீலா, வீடு எப்ப குடுப்பாங்க? தரை வீடா, மாடி வீடா?” என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் தோட்டத்துக்குக் காகிதம் வந்தால் அது மலிவு விலை வீட்டு மனுவாகத்தான் இருக்கும். இவள் விளக்கி முடிப்பதற்குள், “எங்க வைக்கணும், இங்கியா?” என்று விரலை நீட்டியிருக்கிறார்கள்.

“விடு லா. கைநாட்டு கைநாட்டுதானே,” என்றேன். அவள் நாற்பத்து மூன்றையும் என் கண் முன்னாலேயே கிழித்துப்போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை கதவு திறந்ததுமே, “இது வீட்டுக்கு இல்ல, வேற விஷயம். ஒக்காந்து கேளுங்க,” என்றாள். ஒன்பது பேர் வைத்தார்கள். மற்றவர்கள், “ஜப்பான்காரனுக்காகவா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போனபோது, எங்கள் லயத்தில் ஒருவரையாவது பறிகொடுக்காத குடும்பம் குறைவு. என் அப்பாவையும் சித்தப்பா நல்லசாமியையும் ஒரே லோரியில்தான் ஏற்றினார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். சித்தப்பாவைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

விஷயம் அவர் காதுக்கு எட்டியது. கொதித்துப்போனார்.

“அந்தக் குண்டு விழலன்னா நான் அங்கியே மண்ணாப் போயிருப்பேன். இவன் பொறந்திருப்பானா? நீ இந்த வீட்டுக்கு வந்திருப்பியா?”

மறுநாள் காலை அவள் வைத்த கோப்பியை அவர் தொடவில்லை.

லீலாவதி அப்பா முகம் அறியாதவள். சித்தி வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து என் அப்பா அவளை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் இந்த வீட்டுக்கு மாடாக உழைத்தாள் என்றுகூடச் சொல்வேன். இப்போது அவர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். மூன்று வாரம். தினமும் கோப்பி வைப்பாள். ஆறியதை எடுத்துக் கொட்டுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“அனுப்பிட்டா அந்தப் புள்ளைங்க மொகம் என்னத் தூங்க விடாதுங்க. வெச்சிருந்தா மாமா பேசமாட்டாரு. நான் என்னதான் செய்வேன்?” என்று அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, நீங்க கைநாட்டு வைக்க வேணாம். நீங்க சொன்னது நெசம். அந்தக் குண்டாலதான் நீங்க உசுரோட வந்தீங்க. எனக்கும் ஒரு வீடு கெடச்சுச்சு. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு வெந்து செத்த புள்ளைங்க யாரையும் அடிக்கல மாமா. எனக்கு அதான் தாங்கல.”

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் புள்ளைங்கள யாரு பொதைச்சா?”

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இவளுக்குத்தான் அது வராதே.

“பொதைக்க ஆளில்ல மாமா. பெத்தவங்களும் சேந்துதான் போயிட்டாங்க. நெறைய பேருக்கு ஒடம்பே கெடைக்கலையாம்.”

அப்பாவின் உதடு கோணியது. “நல்லசாமிக்குப் பதினஞ்சு வயசு. வாந்திபேதி. நாந்தான் பொதைச்சேன். மம்பட்டி குடுக்கல. கையாலயே தோண்டுனேன்...”

நாற்பது வருடமாக எங்களிடம் சொல்லாததை என் மனைவியிடம் சொன்னார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். நானும் வாசலில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அன்று மாலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “ஆத்தா, பேப்பர எடு. எவனெவன் கதவச் சாத்துனான்?” என்றார். மைப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் கார்த்திகேசு வீடு. அவன் அப்பனும் சயாமில் செத்தவன்தான். என் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“நான் அந்தக் குண்டால பொழைச்சவன்டா,” என்றார் அப்பா. “இனி எவனும் அப்பிடிப் பொழைக்க வேணாம்.”

சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் தன் கட்டை விரலை மையில் அழுத்தினார்.