மட்டிள்கோட் கல்லுக்கு நின்ற வரிசை

மட்டிள்கோட்டில் வீடுகள் ஆறு. பார்க்க வேண்டியவை மூன்று: தண்ணீர் வராத அடிபம்பு, முட்டை விற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, அந்தக் காலத்தில் குதிரை ஏறக் கால் வைத்த கல். சரித்திரம் ஒன்றுதான். எப்போதோ ஒரு ராஜா அவ்வழியே போனார், நிற்கவில்லை.

ஈனிட் பிராட்பெரி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்த ஆறு வீடுகளுக்குள்தான். கணவர் போனபின் அவளுக்கு வெளியுலகம் என்பது வியாழக்கிழமை பஸ். அதில் டவுனுக்குப் போய், மாட் என்ற தன் தங்கையுடன் தேநீர் குடித்து, நன்றாகச் சண்டை போட்டுத் திரும்புவாள். சண்டை இல்லாத வாரம் அவளுக்கு ஒரு வாரமே இல்லை.

அந்த பஸ்ஸைத்தான் நிறுத்தப் போவதாகக் கவுன்சில் சொன்னது. வேடிக்கை பார்க்க ஆள் வருகிற ஊரென்றால் யோசிக்கலாமாம்.

மறுநாள் காலை ஈனிட் குடையுடன் போய்க் கல்லின் முன் நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை. நடைப்பயணம் வந்த தம்பதி அவளைப் பார்த்தார்கள்.

"வரிசைக்கு இதுதாங்க கடைசியா?"

"ஆமாம்."

பின்னால் நின்றுகொண்டார்கள். எதற்கென்று கேட்பது மரியாதையில்லை. மதியத்துக்குள் வரிசை அடிபம்பைத் தாண்டியது; சனிக்கிழமை அடுத்த ஊர் மாதாகோயிலைத் தொட்டது. தேநீர் வண்டி வந்தது, அதற்கொரு வரிசை. இரண்டும் குறுக்கே சந்தித்தபோது, "நீங்க போங்க", "ஐயோ, நீங்க போங்க" என்று பொழுது சாயும்வரை இரண்டும் நகரவில்லை.

கவுன்சிலிலிருந்து டன்காம்ப் என்ற அதிகாரி வந்து நேரே கல்லை நோக்கி நடந்தார்.

"நான் கவுன்சில்லேர்ந்து வர்றேன்."

"நாங்க விடிகாலையிலேர்ந்து வர்றோம், சார்," என்றது ஒரு குரல்.

டன்காம்ப் காது சிவக்க வரிசையின் வால்முனைக்குப் போனார். மாலையில் அவர் முறை வந்தது. கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "பஸ் இருக்கட்டும்," என்றார்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. திரும்பிப் போகிறவர்கள் நிறுத்தத்தில் வரிசையாக நின்றார்கள், ஈனிட் கடைசி.

"இடமில்லையேம்மா," என்றார் ஓட்டுநர்.

இது நான் மீட்ட பஸ் என்று சொல்லியிருக்கலாம். முந்திப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. "பரவாயில்லப்பா," என்றாள்.

பஸ் நகர்ந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. கல் வரிசையின் கடைசியில் ஒரு பச்சைத் தொப்பி. மாட். ஈனிட் போய் அவள் பின்னால் நின்றாள்.

"எதுக்குடி இவ்வளவு கூட்டம்?" என்றாள் மாட்.

"தெரியாமலா வந்து நிக்கிறே?"

"பஸ்லேர்ந்து எல்லாரும் இறங்கி இங்க நின்னாங்க. இது அந்தக் கல்லுதானே? சின்ன வயசுல நீ என்னைத் தள்ளிவிட்டியே?"

"நீயா விழுந்தே."

"தள்ளினே!"

"விழுந்தே!"

வரிசை நகர்ந்தது. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தார்கள்.