தண்ணீர் குடிக்காத இயந்திரம்

அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. இயந்திரம் வந்த வருஷத்து ஆயுத பூஜையன்று, தண்ணீர் நின்ற உயரத்திலேயே அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்தான், என்னோடு வேலை பார்த்த என் கூட்டாளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பிகளை உலையில் பதப்படுத்தும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. உலைக்கு ஹைட்ரஜன் வேண்டும். அதுவரை சிவப்பு சிலிண்டர்களில் வெளியிலிருந்து வந்தது. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது, காற்றைக் கெடுக்கிற வழி. முதலாளி கூரையில் சோலார் பலகைகள் போட்டு, அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரத்தை இறக்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே புகையில்லாமல் ஓடப்போகிறது, அதில் மேனாம்பேட்டுக்காரன் எனக்கும் ஒரு பங்கு என்று திரிந்தேன்.

இயந்திரம் அவன் பொறுப்பு. எனக்கு வாய் ஜாஸ்தி என்பதால், பார்க்க வருகிற வாடிக்கையாளர்களுக்கு விளக்கும் வேலை என்னுடையது. பொட்டு அழியாமல் கண்ணாடியைத் துடைப்பேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே மட்டம் இறங்காமல் நிற்கிறதே என்று ஒருநாள் அவனைக் கேட்டதற்கு, "மெசின் ஷோக்கா ஓடிக்கினு கீது மாமே, தண்ணியே குடிக்கல" என்றான். பதினைந்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் சொன்னால் மறுபேச்சு ஏது? அதையே பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு போனோம். மகள் அப்போது பிளஸ் டூ. நான் வழக்கம்போல விளக்கி முடித்ததும், பழைய பொட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணியப் பிரிச்சா தண்ணி கொறையணும்லப்பா?"

பொரி, சுண்டல் வாங்க எல்லோரும் போன நேரத்தில் பின்கட்டுக்குப் போனேன். தகரத் தடுப்புக்குப் பின்னால் அதே சிவப்பு சிலிண்டர்கள், எங்கள் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தன. போன பூஜைக்கு மறுநாளே இயந்திரம் படுத்துவிட்டதாம். என் பின்னாலேயே வந்த கூட்டாளிதான் சொன்னான்.

"ஓனர்தான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. நீ நம்பிக்கினு பேசினாத்தான் வர்றவன் நம்புவான்."

முதலாளி செய்ததை விடுங்கள். இவன் ஒரு வருஷம் என் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே உண்மையை மென்று விழுங்கியிருக்கிறான். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

இப்போது ஆவடிப் பக்கம் வேறு வேலை. ஹைட்ரஜன் மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன பாவம் செய்தது? தண்ணீரிலிருந்து எடுத்து பஸ்கூட ஓட்டலாம் என்கிறார்கள், ஓடட்டும். மகள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். முன்பெல்லாம் நான் சொன்னதை அப்படியே தோழிகளிடம் போய்ச் சொல்வாள். இப்போது நாளைக்கு மழை வரும் என்று நான் சொன்னால்கூட, புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் கேட்கிறாள்: "உங்களுக்கு யாருப்பா சொன்னது?"