இறங்கி வாங்க

பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்கு அந்த நிம்மதி போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் அதைக் கேட்டது ஜனவரி மாதத்தில், நடுப்பகலில், கண்ணைக் கூசவைக்கும் கோடை வெயிலில். எங்கள் நாட்டில் ஜனவரிதான் கோடை. நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. என் அக்காவும் கூடவே இருந்தாள். அவளைக் கேட்டால் வாய் திறக்கமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

அக்கா சுல்மா அப்போது யுகேரியில் குடியிருந்தாள். அர்ஜென்டினாவின் வடக்கில், எங்கள் கொரியென்தெஸ் மாநிலத்தில், மாட்டுப் பண்ணைகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நகரம். வாரத்தில் ஒருநாள் மாட்டு ஏலம் நடக்கும். அன்றைக்கு ஊருக்கு உயிர் வரும். மற்ற நாட்களில் செம்மண் தூசியும் சாணி வாசனையும்தான். அத்தான் அபெல் பண்ணையில் மாடு ஓட்டுபவர். சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். அக்காவுக்கு ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. பகலிலும் படுத்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் இதுவும் தங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் தொலைபேசியில் அவள் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வந்தது. "மதியத்துல படுக்க முடியலடா" என்பாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. மௌனம் எனக்குப் பழக்கம்தான். நாங்கள் இருவரும் பேசாமலே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள். இது வேறு மௌனம். அவள் அந்தப் பக்கம் எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தாள்...

தலைநகரில் என் வீட்டுக்கு அவளை அழைத்துவந்துவிடுவது என்று கிளம்பினேன். இரவெல்லாம் பேருந்து. கண் மூடவில்லை. அன்று ஏலநாள். காலையில் போய் இறங்கியபோது எதிர்வீட்டுக் கறிக்கடைக்காரர் கசிமிரோ கத்தியைத் தீட்டிக்கொண்டே கூப்பிட்டார்.

"என்ன மச்சான், அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்தியா?"

எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவனையும் கிண்டலுக்கு மச்சான் என்றுதான் அழைப்பார்கள்.

"ஆமா மச்சான். உன் தங்கச்சி சுகமா?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதே!"

"அப்ப எந்த உறவுல எனக்கு நீ மச்சான்?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அக்கா வீட்டு கேட்டைப் பார்த்தார். "சீக்கிரம் கூட்டிட்டுப் போ" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

உள்ளே போய் அக்காவைப் பார்த்தேன். கை கால் குச்சியாக இருந்தன. வயிறு மட்டும்தான் அவளிடம் மிச்சம் இருந்தது. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடா லிச்சோ, இப்படி எலும்பா வந்து நிக்கிற? உன்னை ஏலத்துல விட்டா எவனும் கை தூக்கமாட்டான்."

"உன்னை விட்டா மட்டும்? ஒரு விலைக்கு ரெண்டு உருப்படின்னு தள்ளிவிட வேண்டியதுதான்."

சிரித்தாள். மாலை ஐந்து மணிப் பேருந்துக்குப் புறப்படுவதாகப் பேச்சு. நடுவில் ஒரே ஒரு மதியம் இருந்தது.

எங்கள் ஊர்களில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கம். கடை, சன்னல், வாய் எல்லாம் மூடிவிடும். அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். மற்ற நேரத்திலும் யார் வீட்டுக் கதவையும் தட்டும் வழக்கம் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டும். குதிரையில் வந்தவர் குதிரைமேலேயே இருக்க வேண்டும். உள்ளேயிருந்து "இறங்கி வாங்க" என்று குரல் வந்த பிறகுதான் கால் தரையில் படலாம். பேச்சு வராத குழந்தைக்கும் இது தெரியும். கைதட்டல் கேட்டால் வந்தவர் முகம் பார்க்குமுன் எங்கள் வாயில் அந்தச் சொல் வந்துவிடும்.

சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது அக்கா சொன்னாள்.

"மதியத்துல யாராவது கை தட்டினா, நீ வாயைத் திறக்காதே."

"யாரு, பழைய காதலனா?"

"சொன்னதைச் செய்டா."

கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். ஆனால் படுக்கவில்லை. சன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தேன். தூரத்தில் ஏலக் கொட்டகையில் ஒரு கன்று தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. இரவு விட்ட தூக்கம் கல்லைப் போல என்மேல் விழுந்தது...

தட்... தட்... தட்.

தூக்கத்துக்குள் எங்கோ கேட்டது.

தட்... தட்... தட்.

"வாங்க, இறங்கி வாங்க!"

என் குரல்தான். அதைக் கேட்டுத்தான் நானே விழித்தேன்.

அக்கா எழுந்து நின்றிருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது.

"நாலு மாசமா நான் அதைச் சொல்லலடா..." என்றாள். "நாலு மாசமா..."

கைதட்டல் நின்றுவிட்டது.

கட்டிலில் இருந்தபடியே சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு குதிரை. சேணம் இருந்தது. சேணத்தில் யாரும் இல்லை. கடிவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில், அந்த ஏலநாளில், குதிரைமேல் ஒரு ஈ இல்லை. வால் அசையவில்லை. அதன் காலடியில் தெருநாய் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கேட்டில் சங்கிலி அப்படியே இருந்தது. பூட்டும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... தப்.

வெளியே இல்லை. வீட்டுக்குள். செங்கல் தளத்தில்.

டக்... தப்... டக்... தப்...

ஒரு காலில் பூட்ஸ். இன்னொன்று வெறுங்கால். ஈரமான வெறுங்கால்.

நடைவழியில் வந்தது. சமையலறையைக் கடந்தது. அறைக்குள் நுழைந்தது. யாரும் இல்லை. சத்தம் மட்டும்.

அக்காவின் முன்னால் நின்றது.

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். நான் எழப் பார்த்தேன்.

டக்...

திரும்பியது.

தப்.

என் பக்கம்.

நனைந்த தோல் வாசனை. புகையிலை. அதற்கு அடியில் அழுகிய ஏதோ ஒன்று...

கட்டிலருகே இருந்த பிரம்பு நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ உட்காரும்போது கேட்குமே, அப்படி.

அவ்வளவுதான். பேச்சில்லை. மூச்சில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிரே கசிமிரோ கடையின் தகரக் கதவு கடகடவென்று மேலே போனது. மணி நான்கு. பிரம்பு நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு எதுவும் இல்லை. வெளியே குதிரையும் இல்லை.

செங்கல் தளத்தில் ஈரத் தடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் இடது கால். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீங்கிய கால்.

"உன்கிட்டதான் வந்தான்" என்றாள் அக்கா. நாற்காலியில் சரிந்தாள். பதறி ஓடினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை விட்டு, குழந்தை மாதிரி.

பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது கசிமிரோ கடைவாசலில் நின்றிருந்தார்.

"தட்டுச்சா?"

நான் அவரையே பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது முன்னாடி நர்ஸ் இருந்த வீடு. எவரிஸ்தோன்னு ஒரு மாட்டுக்காரன். வயல்ல விரியன் கடிச்சிருச்சு. பூட்ஸைக் கழட்டிட்டு, கால்ல ஈரத்துணி சுத்திக்கிட்டு, ஊசி போட்டுக்க குதிரையில வந்தான். மதியம். கை தட்டினான். அன்னைக்கு நர்ஸ் ஊர்லயே இல்ல. தெருவுக்கே அது தெரியும்."

"அவனுக்கு யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் படுத்திருந்தோம். இன்னொருத்தன் எழுந்து சொல்லுவான்னு..."

"நீங்க?"

ஒரு லாரி மாடுகளை ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

"நாலு மணிக்குக் கடையைத் திறந்தேன். குதிரைமேலேயே செத்துப்போய் உக்காந்திருந்தான். இறங்கவே இல்ல மச்சான். யாரும் இறங்கச் சொல்லலையே." தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "நாங்கதான் இறக்கினோம். அவன் கை ரெண்டும்... தட்டித் தட்டி... தோலே இல்ல."

ஏப்ரலில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. அத்தானுக்கு வேறு பண்ணையில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே போய்விட்டார்கள். அக்கா தினமும் மதியம் நன்றாகத் தூங்குகிறாள். யுகேரி வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம். "தெரு அமைதியா இருக்கு மச்சான்" என்று கசிமிரோ ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "எங்க போனான்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

என் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. கேட் கிடையாது. குதிரை வர வழியும் கிடையாது. மதியம் ஒரு மணிக்குமேல் படிக்கட்டில் ஆள் நடமாட்டமே இருக்காது. நான் படுப்பதில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தவரை வரவேற்க எங்களிடம் சொல் உண்டு. வந்தவரைப் போ என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. போய் வாருங்கள் என்றாலோ, மறுபடி வரச் சொன்னதாகிவிடும்.

இப்போது மணி ஒன்று. கீழே, முதல் படியில்...

டக்... தப்.

அவன் கை தட்டுவதில்லை. தட்ட வேண்டியதில்லை. நான்தான் அழைத்துவிட்டேனே.