பாட்டு நின்ற இடங்கள்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கார் சாமான்களின் பெயர்களைத் தாண்டி எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அமெரிக்க ராப் கோஷ்டி ஒன்றின் பாட்டு எந்தெந்த இடத்தில் நின்று போகும் என்பதை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அமீரகத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அந்த இடங்களால்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், விசிட் விசாவில் அல் ஐனுக்குப் போய் மச்சான் ரூமில் தங்கினேன். விசிட் முடிவதற்குள் யாராவது வேலை விசா எடுத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஊரில் கார் எலக்ட்ரீஷியனாக இருந்தேன் என்பதால், மச்சான் சனாயாவில் ஒரு கடையில் சொல்லி விட்டார். சனாயா என்பது தெருத்தெருவாக ஒர்க்‌ஷாப்புகள் மட்டுமே இருக்கும் பேட்டை. கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டித் தருகிற கடை அது. நடத்தியவர் கீழக்கரைப் பக்கத்து பாய்.

"பழகிப் பாரு தம்பி. ஒரு வண்டிய நீயே தனியா முடிச்சுக் காட்டு. மனசுக்குப் பிடிச்சா கஃபீல்ட்ட பேசுறேன்" என்றார் பாய். கஃபீல் என்பவர் கடை லைசென்ஸைத் தன் பேரில் வைத்திருக்கும் உள்ளூர் அரபி. அவர் சரி என்றால்தான் விசா.

ரூமைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு வண்டியை முடித்துக் காட்டு என்றால், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் ஒரே ஒரு டிஸ்க்கைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஏழைப் பேட்டையிலிருந்து கிளம்பிய கறுப்பினப் பையன்கள் சிலர் பாடியது. அந்த மாதிரிப் பாட்டுக்கே வழி போட்டவர்கள் அவர்கள்தானாம். நான் கேட்ட காலத்தில் அந்தக் கோஷ்டி பிரிந்துபோய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சனாயாவில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. லேண்ட் குரூசர் கொண்டுவரும் அரபிப் பையன்கள், வண்டியை நிறுத்தும்போதே அந்த டிஸ்க்கைத்தான் கேட்பார்கள். பாட்டு தொடங்கியதும் விழும் அடியில் கடைக் கண்ணாடி நடுங்கும்.

எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்துவது போல இருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் சூடான் நாட்டு ஆள், ஆங்கிலம் தெரிந்தவர். பாட்டு ஓடும்போதெல்லாம் ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு கூடவே பாடுவார். அவரிடம் அர்த்தம் கேட்டேன்.

"துப்பாக்கி, தெருச் சண்டை, பொம்பளைங்களப் பத்தி அசிங்கம். இந்தப் பாட்டு போலீஸத் திட்டுறது" என்று உடைந்த இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

"போலீஸையா? இங்க வச்சு இதையெல்லாம் போடலாமா?"

"என்னையும் ரோட்டுல நிறுத்தி நிறுத்திப் பேப்பர் கேட்ருக்காங்க, சதீக். எங்க ஊர்ல, வேற ஊர்ல. திட்ட எனக்கு வாய் வரல. இவங்களுக்கு வந்துச்சு." சதீக் என்றால் அரபியில் நண்பன்.

அன்றிலிருந்து அந்த டிஸ்க் ஓடும்போதெல்லாம் ஒரு கண் ரோட்டின் மேல்தான்.

என் முறைக்கு வந்த வண்டி வெள்ளை லேண்ட் குரூசர். வெள்ளைக் கந்தூரா போட்ட இளவட்டப் பையன் சாவியைக் கொடுத்து, "சாயங்காலம் வர்றேன், யல்லா" என்று போய்விட்டான். பின் ஸ்பீக்கருக்கு வயர் இழுக்க உள்ளே ஏறினேன். பின்சீட்டில் போலீஸ் தொப்பி இருந்தது.

பாயிடம் ஓடினேன்.

"பாய், அது போலீஸ் வண்டி."

"போலீஸ்காரனுக்குக் காது கெடையாதா? போய் வேலையப் பாரு."

மத்தியானத்துக்குப் பிறகு வயரிங் முடிந்தது. பழைய டிஸ்க் கீறல் விழுந்து கெட்டிருந்ததால், டவுனில் பெரிய கடையிலிருந்து பாய் அதையே புதிதாக வாங்கி வந்திருந்தார். அட்டையில் ஒரு வரியின் மேல் கறுப்பு மை பூசியிருந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தியில் தட்டியிருக்க வேண்டும். பாய் வேறு வேலையாக வெளியே கிளம்பியதும், எஞ்சினை ஓடவிட்டு டிஸ்க்கைப் போட்டேன்.

அடி பிரமாதமாக விழுந்தது. அப்புறம் சட்டென்று சத்தம் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

எங்கோ லூஸ் கனெக்‌ஷன். ஒரு கதவின் உள்பலகையைக் கழற்றினேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. அடுத்த கதவைக் கழற்றினேன். வயரை மாற்றினேன். கடையில் இருந்த வேறு ஆம்ப்ளிஃபயரை வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது. போலீஸ்காரன் வண்டியில் எதையோ எரித்துவிட்டோம் என்று முடிவே செய்துவிட்டேன். மச்சான் என்னை ஏர்போர்ட்டில் இறக்கிவிடும் காட்சி வரைக்கும் மனசு ஓடிவிட்டது.

அப்படிப் பாட்டு நிற்கும் இடத்தில் காதைக் கொடுத்துக் கேட்டபோது, இன்னொன்று தெரிந்தது. கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய இரைச்சல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறியது. இது எனக்குத் தெரிந்த நோய். டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைத் தேடிப்போனேன். பெயிண்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்தேன். சுரண்டி, வெறும் தகட்டில் வைத்து முறுக்கினேன். இரைச்சல் போய்விட்டது. பாட்டு மட்டும் முன்போலவே விட்டுவிட்டு நின்றது.

அதற்குள் பாய் வந்துவிட்டார். பின்னாலேயே அந்தப் பையன், இப்போது முழு யூனிஃபார்மில். கதவுகள் பல்லிளித்துக்கொண்டு கிடந்தன.

"என்ன தம்பி இது?"

"சத்தம் கட்டாகுது பாய். எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். எனக்குத் தெரியல."

போலீஸ்காரப் பையன் முன்சீட்டில் ஏறி பாட்டைப் போட்டான். அடி விழுந்தது. சத்தம் நின்ற இடத்தில், அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தையைக் கத்தினான். அடுத்த முறை நின்றபோது டயர் கடையிலிருந்தும் அதே வார்த்தை வந்தது. சூடான்காரர் ஸ்பேனரோடு ஓடிவந்தார். இருவரும் ஒவ்வோர் இடைவெளியையும் தாளம் தப்பாமல் நிரப்பினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூடான்காரர்தான் என் தோளைப் பிடித்து, "கெட்ட வார்த்தை மாஃபி, இல்ல, சதீக்! கடையில விக்கிறதுல வெட்டிருக்காங்க. பழசு திருட்டுக் காப்பி, அதுல எல்லாம் இருந்துச்சு" என்றார். வார்த்தையை மட்டுமா, இசையோடு சேர்த்து நறுக்கியிருந்தார்கள்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "கெட்ட வார்த்தையத் தேடியாடா ரெண்டு கதவக் கழட்டுன?"

பயம் விட்டதில் வாய் தானாகத் திறந்துகொண்டது. அங்கே முதலாளியைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லால் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "அர்பாப், இது போலீஸத் திட்டுற பாட்டாமே?"

"ஆமா" என்றான், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "ஸ்கூல்லேருந்து கேக்குறேன். பாட்டுல வர்ற மாதிரி போலீஸா இருக்கக் கூடாதுன்னு தெரியுதில்ல?" பிறகு கண்ணடித்தான். "எங்க ஆபீசர்கிட்ட மட்டும் சொல்லிராத."

பாய் சிரிக்கவில்லை. டிக்கியில் குனிந்து, புதிதாகச் சுரண்டிய தகட்டை விரலால் தடவினார்.

"இது எதுக்கு?"

"எஞ்சின் இரைச்சல் வந்துச்சு பாய். பாட்டு நின்ன எடத்துல கேட்டுச்சு."

அவர் எஞ்சினை ஓடவிட்டு, அடுத்த இடைவெளிக்காகக் காத்திருந்தார். கத்தப்போன இருவரையும் கைகாட்டி அடக்கினார். பாட்டு நின்றது. சுத்தமான அமைதி. காதில் ஏ.சி. காற்று மட்டும்.

"பழைய டிஸ்க்குல இது எனக்கே கேட்ருக்காது" என்றார் பாய். "கதவ மாட்டு. கிளிப் ஒண்ணு ஒடஞ்சிருந்தாலும் கொன்னுருவேன்."

ஒன்றும் உடையவில்லை. நான் கடைசிக் கதவை மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் போனில் அரபியில் பேசுவது கேட்டது. நடுவில் என் பாஸ்போர்ட் பெயரைச் சொன்னார்.

விசா வந்தது. போலீஸ்காரப் பையன் தன் கூட்டாளிகளையெல்லாம் அனுப்பினான். பூட்டை இழுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஆனால் வண்டி வேலை என்றால் சோறு இறங்காமல் போவது நின்றுவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் இந்த வெட்டுப்பட்ட டிஸ்க் எதற்கு, முழுசைப் போடு என்பார்கள். நான் மாற்றவில்லை. பாட்டு நிற்கும் இடம் நெருங்கும்போது அவர்கள் கத்துவதற்கு மூச்சை இழுப்பார்கள். நான் கையைத் தூக்கிச் சொல்வேன்:

"கொஞ்சம் சும்மா இருங்க அர்பாப். இந்த எடத்துலதான் எனக்கு வேலை."